சிட்டி மார்க்கெட்டுக்குப் பத்து மணிக்குப் போகாதே

அன்பு மீனா,

தோழிகளை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குப் பெங்களூரு சிட்டி மார்க்கெட் போகப்போவதாக எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் பூச்சந்தையில் வாடிய மிச்சம்தான் இருக்கும். பக்கத்துச் சிக்பேட்டைக் கடைத்தெருவிலோ அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் ஆகாத நேரம் அது. ஐந்தரைக்குள் அங்கே நில்லுங்கள். பூவுக்குப் பிறகு கோட்டை, கடைசியில் கடைத்தெருக்கள் நிறைந்த பழைய பேட்டை என்று போனால், ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும்போது பார்க்கலாம்.

பச்சைப் பாதை மெட்ரோவில் வாசலுக்கே வந்துவிடலாம் என்றாலும், ஞாயிறன்று முதல் ரயில் தாமதம். அன்றைக்கு ஆட்டோதான். வெள்ளைப் பளிங்கு ஜாமியா மசூதிப் பக்கம் இறக்கிவிடச் சொல். மேம்பாலத்துக்கு அடியில் இறங்கினால் பேருந்தும் தள்ளுவண்டியும் முட்டும் இடத்தில் சாலையைக் கடக்க வேண்டிவரும்.

1928இல் எழுந்த பழைய கட்டடத்தின் முகப்பைத் தாண்டி உள்ளே போனால், கீழே பூ, மேலே போகப் போக பூஜைச் சாமான், பாத்திரம், இரும்புக் கருவிகள். முதலில் மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே பாருங்கள். மஞ்சள் செவ்வந்தி, செண்டுமல்லி, ரோஜா, சம்பங்கி எல்லாம் குவியல் குவியலாகத் தெரியும். படம் எடுப்பதென்றால் அங்கிருந்தே எடுத்துவிடலாம். கீழே நடைபாதை நடுவில் நின்று எடுத்தால் மூட்டை தூக்குபவருக்கு வழி மறிக்கும். கழுத்தில் எடையோடு வருபவரால் சட்டென்று நிற்க முடியாது. 'தாரி பிடி' (கன்னடத்தில் 'வழி விடுங்கள்') என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓரம் ஒதுங்கு. தரை முழுக்க நசுங்கிய பூவும் தண்ணீரும். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ போடுங்கள்.

சும்மா சுற்றிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் பூ வாங்குங்கள், அப்போதுதான் வியாபாரி முகம் கொடுத்துப் பேசுவார். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் அங்கே செல்லும். உதிரிப்பூ கிலோக் கணக்கு. கட்டிய சரம் மாரு கணக்கு. ஒரு மாரு என்றால் விரித்த இரண்டு கைகளின் நீளம், நம் முழத்தில் நாலு. ஆனால் அளப்பவர் கையைப் பொறுத்து அது கூடும், குறையும். அதனால் விலையை மட்டும் கேட்காமல் அளந்து காட்டச் சொல். மல்லி மொட்டாக இருக்க வேண்டும். காலையிலேயே விரிந்திருந்தால் மாலைக்குத் தாங்காது. செவ்வந்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறு, இதழ் கொட்டினால் பழசு. தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைத்திருப்பதில் எடை ஏறும், அந்த ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் மத்தியானத்துக்குள் அழுகிவிடும். துணிப்பையோ வாழை இலையோ நல்லது. கனகாம்பரத்துக்கு வாசம் இல்லை, ஆனால் வெகுநேரம் வாடாது. வரமகாலட்சுமி நோன்பு, ஆயுத பூஜைக்கு முந்தின நாட்களில் மட்டும் தோழிகளைக் கூட்டிப் போகாதே. விலை பல மடங்கு ஏறும், நிற்கவும் இடம் இருக்காது.

ஏழு மணிக்குமேல் வெளியே வந்து காபி குடித்துவிட்டு நிதானமாகக் கோட்டைப் பக்கம் நடங்கள். மார்க்கெட் நிற்கும் இடத்தில் முன்பு சித்திக்கட்டே என்ற நீர்நிலை இருந்தது. இந்த ஊரை நிறுவிய கெம்பேகவுடா 1537இல் எழுப்பிய மண்கோட்டையை ஹைதர் அலி 1761இல் கல்லால் கட்டினார். மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் கொஞ்சம் சுவரும்தான். 1791 மார்ச் 21இல் ஆங்கிலேயப் படை உடைத்துப் புகுந்த இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை பதித்திருக்கிறது. சாலையோரம் என்பதால் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள், நீ நின்று காட்டு. அங்கிருந்து திப்புவின் கோடை மாளிகை கொஞ்ச தூரம்தான். தேக்குத் தூண்களுக்காகவே பார்க்க வேண்டும். எட்டரை வாக்கில்தான் திறப்பார்கள்.

பத்தரைக்குமேல் அவென்யூ ரோடு வழியாகப் பேட்டைக்குள் போங்கள். தொட்டபேட்டை என்பது இந்தத் தெருவின் பழைய பெயர். இது சிக்பேட்டைத் தெருவோடு வெட்டிக்கொள்ளும் முனையிலிருந்துதான் கெம்பேகவுடா நாலு திசைக்கும் ஏர் பூட்டி ஓட்டி ஊருக்கு எல்லை வகுத்தார் என்று சொல்வார்கள். இந்த நாற்சந்தியில் வழிகாட்டிப் பலகைகூட முக்கியமாகத் தெரியாது. ஆனாலும் இந்த ஊர் தொடங்கியது இங்கேதான் என்பதைத் தோழிகளுக்குச் சொல்.

அவென்யூ ரோட்டில் பழைய பாடப்புத்தகம், சிக்பேட்டையில் பட்டு, பளேபேட்டையில் இசைக்கருவி, நகரத்பேட்டையில் நகை, தரகுபேட்டையில் மிளகாயும் தானியமும். தரகுபேட்டையில் மூட்டை இறக்கும்போது மிளகாய் நெடி தும்மலை வரவழைக்கும், கைக்குட்டை வைத்துக்கொள். பட்டுக்கடைகளில் முதலில் பார்த்த கடையிலேயே முடிவு செய்யாதீர்கள். மாடிக் கடைகளில் வாடகை குறைவு, விலையும் பெரும்பாலும் இறங்கிவரும். ஞாயிறன்று ஜவுளிக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

நேரம் இருந்தால் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலுக்குக் கட்டாயம் போ. திகளர்கள் தமிழ் வழி வந்த தோட்டக்காரச் சமூகம், கும்பிடுவது திரௌபதி அம்மனை. கன்னட நாட்காட்டியின் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் மல்லிகை போர்த்திய கரகம் இங்கிருந்துதான் புறப்படும். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் காவலாக வருவார்கள். வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் ஊர்வலம் நகரும். நம் மொழியும் இந்த நகரமும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய இன்னொரு இடத்தை இங்கே காட்ட முடியாது.

பையை முன்பக்கம் மாட்டு. யுபிஐ எங்கும் செல்லும் என்றாலும் கூட்டத்தில் சிக்னல் அறுந்துபோகும், பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். சுத்தமான கழிப்பறை கிடைப்பது கடினம், அதனால் காபி குடிக்கும் ஓட்டலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சிக்பேட்டை மெட்ரோவில் ஏறு, அடுத்தது மெஜஸ்டிக். ஊதாப் பாதைக்கு அங்கே மாறலாம். டோக்கன் வரிசையில் நிற்காமல் இருக்க, முந்தின இரவே கார்டில் பணம் ஏற்றிவிடு.

அன்புடன்,
அப்பா