பந்தியில் நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள கண்ணு,

போன மாதம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசம் ஊற்ற வந்தவர் நகர்ந்ததும் "அக்கா, நானும் விட்டுடட்டுமா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் உன் மாமியார் வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. உன் வயதில் இருக்கும் இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருப்பதால், எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

வேலையை விடலாம். ஆனால் நான் விட்ட மாதிரி விடாதே.

நான் விட்டது 2019 மார்ச்சில். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். வருட முடிவுக் கணக்கு, டார்கெட், இரவு பதினோரு மணிக்கு வரும் போன். ஒரு நாள் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் மேலதிகாரி ஒருவர் என் கிளையின் கடன் வசூலைப் பற்றிப் பேசியதைக் கேட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவே ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டேன். நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்து அந்த வாரமே வெளியே வந்தேன்.

அதற்கு முந்தைய ஒரு வருடமாக எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். தெரிந்த வாடிக்கையாளரின் பெயர் வாயில் வராது. மாதவிடாய் பத்து நாள் நீடித்தது. இந்த வயதில் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பழியையும் வேலையின் மேல் போட்டேன். வேலையை விட்ட பிறகும் அந்தச் சோர்வு போகவில்லை என்றபோதுதான் மருத்துவரிடம் போனேன். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்த, சம்பாதிக்கிற நாமும் அதற்குள்தான் இருக்கிறோம். நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 என்கிறார்கள். மேலை நாடுகளில் அது 51 அளவில். நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். தூக்கம் கெடும், படபடப்பு வரும், திடீரென்று உடம்பு கொதிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். சரியாக அந்த வருடங்களில்தான் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வும், பெற்றோருக்கு ஆஸ்பத்திரியும், அலுவலகத்தில் பெரிய பொறுப்பும் ஒன்றாக வந்து சேர்கின்றன. எது உடம்பு, எது வேலை என்று நமக்கே பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

அதனால் கண்ணு, முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, பி12, சர்க்கரை. மகப்பேறு மருத்துவரைப் பார்த்துத் தூக்கத்தைப் பற்றியும் சொல், அதைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காபியோடு போடாதே. காபி, டீ இரண்டுமே இரும்பு உடம்பில் சேர விடாது. எனக்கு அதை யாரும் சொல்லாததால் இரண்டு மாதம் வீணாகப் போனது. நான்கைந்து மாதம் சிகிச்சை எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையிலும் அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்றே தோன்றினால், அந்த எண்ணத்தை நீ தாராளமாக நம்பலாம். எனக்கும் கடைசியில் அதுதான் தோன்றியிருக்கும். ஆனால் இவ்வளவு இழந்திருக்க மாட்டேன்.

என்ன இழந்தேன் என்றும் கேட்டுக்கொள். விட்ட அன்றே அலுவலகத்து மருத்துவக் காப்பீடு போய்விட்டது. நார்க்கட்டிக்கு அறுவை சிகிச்சை என்றபோது 1,40,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினேன். புதிதாக எடுக்கும் பாலிசியில் கர்ப்பப்பை சிகிச்சைக்குப் பொதுவாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே கேட்டிருந்தால், குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறியிருக்கலாம், காத்திருந்த காலமும் கணக்கில் வந்திருக்கும். அப்புறம் கிராஜுவிட்டி, வேலையை விடும்போது வருடக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பணிக்கொடை. நான் வேலை பார்த்தது 18 வருடம் 5 மாதம். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் 19 வருடமாகக் கணக்கிட்டிருப்பார்கள். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கு என் கணக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. நீ மூன்று கம்பெனி மாறியவள். பழைய பி.எஃப். கணக்குகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டனவா என்று பார். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு இருந்து, மொத்தம் பத்து வருடம் தாண்டியிருந்தால் 58 வயதில் மாதாமாதம் வரும்.

இதையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்த முதல் வாரமே என் நேரம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. மாமியாரின் கண் ஆபரேஷன், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு ஜவுளி எடுப்பது, குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர் லாரிக் கணக்கு. "நீ வீட்ல சும்மாதானே இருக்கே?" என்று யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உன் மாமா உட்பட. ஆனால் எட்டு மாதம் ஓடிப்போனது. ஒரு நாள் மதியம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, வேலையில் இருந்ததைவிட இப்போதுதான் எனக்கென்று நேரமே இல்லை என்று உறைத்தது. அன்று அழுதேன்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை எடுத்தேன். வாடகை 3,500. அப்போது எனக்கு ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். காலை பத்து மணிக்கு டிபன் டப்பாவோடு கிளம்பினேன். அந்த வாடகைதான் நான் போட்ட முதலீட்டிலேயே சிறந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

அங்கே முதலில் வந்தவர் சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண். சத்துமாவு அரைத்து விற்பவர். கடன் மனுவை வங்கி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. ஏன் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. திட்ட அறிக்கை வேறு யாருடையதோ நகல், தொழிலை அன்றாடம் நடத்தத் தேவையான நடைமுறை மூலதனக் கணக்கே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்படி எத்தனை மனுக்களைத் திருப்பியிருக்கிறேன்! பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு, கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். அந்த மானியம் கையில் வராது, மூன்று வருடம் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும் என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. புதிதாக எழுதிக் கொடுத்தோம். கடன் கிடைத்தது. இப்போது இதுதான் என் தொழில். பழைய சம்பளத்தில் பாதிதான் வருகிறது. மூன்று மணிக்கு விழிப்பு வருவதில்லை.

உனக்கு கவுன்சிலிங் பக்கம் போக ஆசை என்று தெரியும். விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிவிடாதே. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது. அப்படியென்றால் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும், படிக்கிற இரண்டு வருடத்துக்கும் வீட்டுக்கடன் தவணை சேர்த்து வைத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், சென்னையிலேயே 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா இருக்கிறது. தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைப்பார்கள். இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். வேலையில் இருந்துகொண்டே வாரத்துக்குச் சில மணி நேரம், முன்பின் தெரியாத ஒருவரின் துக்கத்தைக் கேட்டுவிட்டு சோழிங்கநல்லூருக்குத் திரும்பும்போது உன் மனசு எப்படி இருக்கிறது என்று பார்.

ஐம்பதை நெருங்கி வங்கி வேலையை விட்டு அழகுப் பொருட்கள் விற்கும் நைகாவைத் தொடங்கிய ஃபல்குனி நாயரின் கதையை எனக்கு அனுப்பியிருந்தாய். அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் நீ பெரிதாக எதையும் கட்டி எழுப்பிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உடம்பு தாங்குகிற, மனசு ஒப்புகிற ஒரு வேலை கிடைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? ரத்தப் பரிசோதனைத் தாள், காப்பீட்டு அட்டை, பி.எஃப். பாஸ்புக், மூன்று மாதச் சம்பளச் சீட்டு நான்கையும் எடுத்து வா. மாட்டுப்பொங்கல் அன்று மதியம் எல்லோரும் தூங்கியதும் என் அறைக்குப் போய்விடலாம். அன்றைக்கு ஜெராக்ஸ் கடை லீவு, யாரும் வர மாட்டார்கள். சாவி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா