ஆணையர் அவர்களே, நிறுத்தச் சொன்னதை எழுத்தில் கொடுங்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். என் கட்டட அனுமதிக் கோப்பு உங்கள் நகரமைப்புப் பிரிவில் இருக்கிறது, அதில் கையெழுத்தும் உங்களுடையதுதான். அதனால் சர்வே எண், மனை அளவு என்று ஆதியிலிருந்து தொடங்கி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் கட்டுகிறேன். கான்ட்ராக்டர் கிடையாது, நானே கட்டுகிறேன். அறைக்கு மேல் கான்கிரீட் தளம் போட வேண்டிய அன்று காலை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் வேலையை நிறுத்தச் சொன்னார். எதற்காக நிறுத்தினீர்கள் என்று இன்றுவரை என் கையில் ஒரு தாள் இல்லை. அந்தத் தாளைத்தான் கேட்கிறேன்.

இந்த அறை ஆடம்பரத்துக்கு இல்லை. அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கொல்லைப்புறத்தில் இருக்கும் பழைய கழிப்பறையில் அவரால் குத்தவைத்து உட்கார முடியாது. மொத்தமாகக் கான்ட்ராக்டரிடம் விட்டால் ஆகும் செலவு என் சம்பளத்துக்குத் தாங்காது என்பதால் முடிந்ததை நாங்களே செய்வது என்று இறங்கினோம். அடித்தளத்துக்கு வானம் தோண்டியது நானும் என் மச்சானும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடிக்கப் பழகிக்கொண்டு லிண்டல் மட்டம்வரை, அதாவது கதவு ஜன்னலின் மேல்விளிம்புவரை, சுவர் எழுப்பியது நான். எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று சொன்ன சுவர் அது. தளம் மட்டும் விளையாட்டுக் காரியம் இல்லை, தலைக்கு மேல் நிற்பது, அதனால் அதற்கு மேஸ்திரி, கான்கிரீட்டைத் தாங்க ஷீட்டும் முட்டும் கட்டும் சென்ட்ரிங் ஆட்கள், கம்பி கட்டுகிறவர் என்று முறையாக ஆள் வைத்தேன். அனுமதி வாங்கும்போது கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு என்று கட்டடச் செலவில் 1 சதவீதம் கட்டச் சொன்னார்கள், அதையும் கட்டினேன். என் வீட்டு வேலையில் அதிகம் கலவைப் பாண்டு தூக்கிய தொழிலாளி என் மனைவிதான். அவளுக்கு அந்த நிதியிலிருந்து ஏதாவது வருமா என்று கேட்கத் தோன்றியது. சரி, அது வேறு கதை.

தளம் போடுவது எப்படிப்பட்ட வேலை என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமென்டில் தண்ணீர் பட்டுவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது, அரை மணி, முக்கால் மணிக்குள் கம்பிக்கு மேல் கொட்டிப் பரப்பிக் குத்திவிட வேண்டும். சின்ன அறையின் தளத்தை ஒரே நாளில், ஒரே தொடர்ச்சியாகப் போட்டு முடிப்பார்கள், பாதியில் விட்டு மறுநாள் சேர்த்தால் சேர்த்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும். அதனால்தான் மிக்சர் மிஷின், முக்கால் ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட் மூட்டை, ஆட்கள் எல்லாம் விடிவதற்குள் வாசலில் இருந்தன. அன்றைக்கு ஆட்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம் என்று வீட்டில் அண்டா ஏற்றியிருந்தார்கள். உங்கள் ஊழியர் வந்தபோது முதல் கலவை மிஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. "கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு, நிறுத்துங்க" என்றார். என்ன கம்ப்ளெயிண்ட் என்று கேட்டேன். "சைடுல இடம் விடலையாமே." அனுமதி வரைபடத்தில் பக்கவாட்டில் விட வேண்டியது 1 மீட்டர், நான் விட்டிருப்பது அதற்குக் கொஞ்சம் கூடவே. அளந்து பாருங்கள் சார் என்று டேப்பை நீட்டினேன், வாங்கவில்லை. கான்ட்ராக்டர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார்.

மேஸ்திரி பயந்துவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் நாளைக்கும் அவர் தொழில் செய்ய வேண்டும். மிஷினில் இருந்த கலவையை என்ன செய்வது? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போன பள்ளம் எங்கள் வாசலுக்கு எதிரில் இருக்கிறதே, அதில் கொட்டினோம். இப்போது எங்கள் தெருவிலேயே ஒழுங்காக இருக்கும் இடம் அது ஒன்றுதான். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்றால் தெரிவியுங்கள், விண்ணப்பித்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் நாள் வாடகை. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகை ஓடும், கடைக்காரருக்கு உங்கள் புகார்க் கதை தேவையில்லை. மேலே கட்டி முடித்த கம்பி வானம் பார்த்துக் கிடக்கிறது. நடுவில் பெய்த மழையில் ஷீட் மேல் தண்ணீர் தேங்கி, கம்பியில் துரு பிடித்து, தொட்டால் கை சிவக்கிறது. மறுபடி தளம் போடுவதற்கு முன் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும், கம்பிக்கு அடியில் வைத்த கவர் பிளாக் நகர்ந்ததையெல்லாம் சரிசெய்ய வேண்டும், முட்டுகள் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வந்த ஆட்களுக்கு அன்றைய கூலி முழுசாகக் கொடுத்தேன், அவர்கள் என்ன செய்வார்கள். சிமென்ட் மூட்டைகளை ஹாலில் அடுக்கியிருக்கிறோம், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போகிறார். மேஸ்திரி வேறு வேலை பிடித்துவிட்டார், கூப்பிட்டால் "லெட்டர் வந்துச்சாண்ணே?" என்று கேட்கிறார். அவருக்குப் புரிந்திருக்கிறது, தாள் இல்லாமல் இது நகராது என்று.

ஆபீசுக்கு வாங்க என்றார், வந்தேன். ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டியது, அந்த மேஜைக்காரர் ஃபீல்டில் இருந்தார். புகார் நகல் கேட்டால், அப்படி எதுவும் பதிவில் இல்லை என்கிறார்கள். பதிவில் இல்லாத புகாருக்கு யாரால் நிறுத்தப்பட்டது என் வேலை? அப்படியானால் கட்டிக்கொள்ளலாமா என்றால், அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கட்டு என்றும் எழுத்தில் இல்லை, கட்டாதே என்றும் எழுத்தில் இல்லை.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு அனுமதி இல்லாமலோ மீறியோ கட்டியதை அகற்றச் சொல்வது பற்றியது, 57-ஆவது பிரிவு நடக்கும் வேலையை நிறுத்துவது பற்றியது. இரண்டுமே நோட்டீஸ் கொடுப்பதைச் சொல்கின்றன. பைக்கில் உட்கார்ந்தபடி வாயால் சொல்வது பற்றி எனக்குத் தெரிந்து ஒரு வரி கிடையாது. நோட்டீஸ் வந்தால் நான் பதில் சொல்லலாம், வரைபடத்தைக் காட்டலாம், மேல்முறையீடு செய்யலாம். நான் மீறியிருப்பதாக அளந்து காட்டினால் இடித்தும் விடலாம், நான் வைத்த செங்கல்தானே. வாய்வார்த்தைக்கு எங்கே போய் முறையிடுவது?

இதே சட்டத்தில்தான் விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த, அதாவது சட்டப்படி ஏற்றுக்கொள்ள, 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், அப்புறம் 113-சி என்று இன்னொன்று, 2007 ஜூலை 1 வரை கட்டியதற்காக. மாடி மாடியாக மீறியவர்களுக்குச் சட்டத்தில் தனி இடமே இருக்கிறது, மீறாதவனுக்கு ஒரு நோட்டீஸ் கூடக் கிடையாது. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது, 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனடி அனுமதி என்றார்கள். நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அனுமதி கணினியில் வருகிறது, தடை பைக்கில் வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்டர்கள் கொடுக்கும் கொட்டேஷனில் கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி இருக்கும். எதற்கென்று யாரும் கேட்பதில்லை, கான்ட்ராக்டரும் சொல்வதில்லை, வேலை தடையில்லாமல் நடக்கும். நானே கட்டுவதால் என் கணக்கு நோட்டில் அந்த வரி இல்லை. கான்ட்ராக்டர் யார் என்று என்னிடம் கேட்டது அதற்காகத்தான் என்று என் மச்சான் சொல்கிறான். அவன் சொல்வது தவறு என்று நிரூபிக்க உங்களால் முடியும், அதற்கும் அந்த ஒரு தாள் போதும்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறேன்: வேலையை நிறுத்தியது உண்மையானால் காரணம், சட்டப்பிரிவு, அதிகாரியின் பெயர், கையெழுத்தோடு நோட்டீஸ் அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தடை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வேண்டும், அதற்குமேல் போனால் சென்ட்ரிங்கைப் பிரித்துத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. அளக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். டேப் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கட்டும் வீட்டுக்காரன்