வாகையடி முக்கு அண்ணாச்சிக்கு நன்றி

அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்ச் கீழே விழுந்து நின்றுபோனது. முதலில் காட்டிய கடையில், "ஹேர்ஸ்பிரிங் போச்சு, வேற வாங்கிக்கோங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருள் கம்பிதான் ஹேர்ஸ்பிரிங். மனசு கேட்காமல்தான் திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்குப் பக்கம் இருக்கும் உங்கள் ஒற்றை மேசைக் கடைக்கு வந்தேன் அண்ணாச்சி.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்துவிட்டு, "அறுந்து போகல தம்பி, நுனிதான் கழண்டிருக்கு" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

சுருளின் வெளிநுனி ஒரு பொடிக் கட்டையின் துளைக்குள் போய், ஊசி மாதிரியான ஆணியில் இறுகி நிற்க வேண்டுமாம். அந்த ஆணி நழுவியிருந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னீர்கள். சித்திரை வெயில் வேறு. இடுக்கியால் நுனியைத் துளைக்குள் விட்டு ஆணியைச் செருகினால், மூன்று தடவை நழுவியது. பெருமூச்சு விட்டது நான்தான், நீங்கள் இல்லை. ஆணி இறுகி நின்ற பிறகும் விடவில்லை. வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல், ஒரே மட்டத்தில் விரிகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தீர்கள். அப்புறம் அந்தச் சுருளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும் குட்டிச் சக்கரமான பேலன்ஸ் வீல் ஆடியது. நொடிக்கு 5, மணிக்கு 18,000 டிக்.

கேட்ட கூலி டீச்செலவுக்குத்தான் காணும். பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அப்பா தினமும் காலையில் சாவி கொடுத்துவிட்டு, காதில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.