அவர் எந்தக் கதிரையில் இருந்தார்?

அன்பு மகனுக்கு,

அப்பாவும் நானும் நல்ல சுகம். நீ போனில் கோபப்பட்ட விசயத்துக்குப் போனிலேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதுதான் எழுதுகிறேன்.

"சோறு போட்ட ஆளைப் பற்றி, அவர் செத்த பிறகு எழுதுறவன் துரோகி. அவன்ர புத்தகத்தை நீங்கள் ஏனம்மா டைப் பண்ணிக் குடுக்கிறீங்கள்?" என்று கேட்டாய். அந்த மனுசன் ஓர் அரசியல்வாதிக்குப் பல காலம் பிரத்தியேகச் செயலாளராக இருந்ததும், பிறகு மனஸ்தாபப்பட்டு விலகியதும் திருகோணமலையில் தெரியாதவர் இல்லை. விசுவாசம் கெட்டவர் என்று நீ சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். பொய்யர் என்பது வேறு குற்றச்சாட்டு தம்பி. நீ இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறாய்.

அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு அலுவலகப் பிரதானியாக இருந்தவரின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான், டொனால்ட் ரீகன். ஜனாதிபதியின் மனைவி நான்சியோடு ஒத்துப்போகாமல் 1987இல் வெளியேறினார். அடுத்த வருடமே புத்தகம் போட்டார். ஜனாதிபதி எந்த நாளில் பயணம் போவது என்பதை ஒரு சோதிடப் பெண்ணைக் கேட்டுத்தான் நான்சி முடிவு செய்தார் என்று எழுதினார். பழிவாங்குகிறார் என்றார்கள். பழிதான் வாங்கினார். ஆனால் 1989இல் நான்சியே தன் நூலில் சோதிடரைக் கேட்டதை ஒப்புக்கொண்டார். (நாள் பார்த்து முன்கூட்டியே தேர்தல் வைத்து 2015 தையில் தோற்ற எங்கள் ஜனாதிபதி மகிந்தவைக் கண்ட எங்களுக்கு இது ஒரு புதினமா?) கோபத்தில் எழுதியதாலேயே அது பொய்யாகிவிடவில்லை.

அதனால் ஏன் எழுதினார் என்பதோடு நான் நிற்பதில்லை. அந்த நேரம் அவர் எந்தக் கதிரையில் இருந்தார் என்று பார்ப்பேன். மன்மோகன் சிங்குக்கு ஊடக ஆலோசகராக இருந்த சஞ்சய பாரு, 2014 சித்திரையில், இந்தியாவில் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே புத்தகத்தை வெளியிட்டார். பிரதமர் அலுவலகம் அதைக் கற்பனை என்று தள்ளியது. நேரத்தைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் அந்த அலுவலகத்தில் இருந்தது 2004 முதல் 2008 வரை. அந்தக் காலத்தைப் பற்றி எழுதியது கண்டவரின் பேச்சு. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எழுதியது கேட்டவரின் பேச்சு. ஒரே அட்டைக்குள் இரண்டும் கிடக்கும். பிரித்துப் படிப்பது வாசிக்கிறவரின் வேலை.

கண்டவரின் பேச்சும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியதா? எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் களவாகப் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை மூடிமறைத்தது பற்றி, அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் சட்ட ஆலோசகராக இருந்த ஜோன் டீன் 1973 ஆனியில் செனட் குழுவின் முன் நாட்கணக்காகச் சாட்சி சொன்னார். ஞாபகசக்தியைக் கண்டு வியந்த பத்திரிகைகள் அவரை மனித ஒலிப்பதிவுக் கருவி என்றன. அடுத்த மாதமே, நிக்சனின் அறையில் உண்மையான ஒலிப்பதிவுக் கருவி இருந்தது வெளியே வந்தது. பிறகு உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் டீனின் சாட்சியத்தையும் அந்த ஒலிநாடாக்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 1981இல் எழுதினார். 1972 புரட்டாதி 15ஆம் திகதிச் சந்திப்பில், உள்ளே போனதும் நிக்சன் தன்னை இன்ன இன்ன சொல்லிப் பாராட்டினார் என்றார் டீன். நாடாவில் அந்த இடத்தில் அந்தப் பேச்சு இல்லை. தன் பங்கையும் கொஞ்சம் பெருப்பித்தே ஞாபகம் வைத்திருந்தார். ஆனால் மூடிமறைப்பு நடந்தது, நிக்சனுக்கு அது தெரிந்திருந்தது என்ற பெரிய விசயம் முழுக்கச் சரி.

கூட்டங்களில் இருந்து சுருக்கெழுத்து எடுத்த எனக்கு இது நன்றாக விளங்கும். "காசு வந்தால் பாப்பம்" என்று ஒரு அதிகாரி சொன்னது என் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலில் கிடக்கும். வேலை நல்லபடி முடிந்த பிறகு அதே ஆள், "நான் அண்டைக்கே செய்யச் சொன்னனான்" என்று மேசையில் தட்டிச் சொல்வார். முகத்தில் கள்ளம் இராது. மனதார நம்பிவிட்டார்! ஊரிலும் இதே கதைதான். கோணேசர் கோயில் பகுதியைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் போட்ட குழுவைப் பிரதமர் டட்லி கலைத்ததும், 1968இல் திருச்செல்வம் பதவி விலகியதும் பதிவில் உள்ளவை. ஆனால் டொக்கியாட் வீதியில் வயது போனவர்களைக் கேட்டுப்பார். அந்த நேரம் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்றவர்களை ஏற்ற ஒரு பஸ் போதாது.

எனக்கு உண்மையில் பிடிக்காதது வேறொரு வகை. ட்ரம்பின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜோன் போல்டன், பிரதிநிதிகள் சபை 2019இல் ட்ரம்பைப் பதவிநீக்குவது பற்றி விசாரித்தபோது சாட்சி சொல்லப் போகவில்லை. செனட் அழைத்தால் வருகிறேன் என்று பிறகு சொன்னார். செனட் சாட்சிகளே வேண்டாம் என்றுவிட்டது. 2020 ஆனியில் புத்தகம் கடைக்கு வந்தது. எழுதியது உண்மையாகவே இருக்கலாம். தேவைப்பட்ட நேரத்தில் சொல்லாததற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் ஆளுக்கு வருகிறேன். "நான் அப்பவே ஐயாவுக்குச் சொன்னனான்" என்ற வசனம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருகிறது. எல்லாத் தவறும் ஐயாவுடையது, எல்லா எச்சரிக்கையும் இவருடையது. அதையெல்லாம் டைப் பண்ணும்போது என் பாட்டில் சிரித்துக்கொள்வேன். ஆனால் ஓரிடத்தில், ஐயா தந்த கடித உறையை ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன், உள்ளே என்ன என்று கேட்கவில்லை, கேட்க விருப்பமும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. அந்தப் பக்கத்தை நான் நம்புகிறேன்.

டயரிகளைக் கொண்டுவாருங்கோ என்றேன். பாதி சுனாமியில் போய்விட்டதாம். அப்படியென்றால் டயரி இல்லாத வருடங்களுக்கு மேலே "நினைவிலிருந்து" என்று போட வேண்டும், ஐயாவின் வாயில் மேற்கோள் குறி போட்டு வசனம் வைக்கக் கூடாது, செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்றேன். முகம் கறுத்துத்தான் போனார். இரண்டு நாள் கழித்து மிச்சக் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். உனக்கு அவரில் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். புத்தகம் வந்த பிறகு வாசித்துவிட்டுத் திட்டு.

இன்னொன்று. நான் இவ்வளவும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். அச்சகத்துப் பெடியன் யுனிகோட்டில்தான் வேண்டுமாம். மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தா. அப்பாவிடம் கேட்டால் பழைய டைப்ரைட்டரை எடு என்கிறார்.

அன்புடன்,
அம்மா