டீ குடிக்க நிறுத்தினாரா, டீ குடிப்பதை நிறுத்தினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கையேடுகளிலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் ஒரு பட்டியலைத் தவறாமல் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘டு’ (to) சேரும் வினைகள் ஒரு பக்கம், ‘இங்’ (-ing) சேரும் வினைகள் மறு பக்கம். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். பேச வாய் திறந்தால் ‘ஐ என்ஜாய் டு ரீட்’ என்றுதான் வருகிறது. பிள்ளைகளின் ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை. நாம் பாடத்தைத் தொடங்கும் இடம்தான் தவறு. இந்த வேறுபாட்டின் பாதி அவர்கள் பேசும் தமிழிலேயே இருக்கிறது.

திருச்சிக்குப் போகும் பஸ்ஸை டிரைவர் மேலூரில் டீ குடிக்க நிறுத்தினார். டாக்டர் கண்டித்த பிறகு அதே டிரைவர் டீ குடிப்பதை நிறுத்தினார். எந்த வாக்கியத்தில் டீ உள்ளே போனது என்று கேளுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் பதில் சொல்லும். ‘குடிக்க’ என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம், ‘குடிப்பது’ தொழிற்பெயராக நிற்கிறது. தமிழாசிரியர் நடத்திய பாடம்தான். ஆங்கிலத்தில் முன்னது ‘ஸ்டாப்டு டு டிரிங்க்’, பின்னது ‘ஸ்டாப்டு டிரிங்கிங்’. இன்ஃபினிடிவ், ஜெரண்ட் என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

‘ட்ரை’ இன்னும் அழகாகப் பொருந்தும். ஜன்னல் இறுகிக் கிடக்கிறது, திறக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. இது ‘ட்ரைடு டு ஓப்பன்’. அறை புழுங்கியது, ஜன்னலைத் திறந்து பார்த்தேன், அப்படியும் புழுக்கம் குறையவில்லை. இது ‘ட்ரைடு ஓப்பனிங்’. இரண்டாவதில் ஜன்னல் திறந்துவிட்டது, பலன்தான் கிடைக்கவில்லை. ‘செய்து பார்’ என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிற அந்தப் ‘பார்’தான் ‘ட்ரை’க்குப் பின் வரும் ‘இங்’. பல இலக்கணப் புத்தகங்கள் அரைப்பக்கம் எழுதி விளக்கும் விஷயம் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே வரியில் விளங்குகிறது. ‘ரிமெம்பர்’ என்ற வினையும் இப்படித்தான். ‘கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது’ என்றால் ‘இங்’, ‘கதவைப் பூட்ட ஞாபகம் வைத்துக்கொள்’ என்றால் ‘டு’.

பொதுவாக, ‘டு’ இனி நடக்க வேண்டியதைக் காட்டும். ‘இங்’ நடந்ததை, நடந்துகொண்டிருப்பதை, கையில் பிடித்துக் காட்டும் ஒரு செயலைக் குறிக்கும். இதைக் குறிப்பாகச் சொல்லலாம், சட்டமாகச் சொல்லக் கூடாது. ‘சஜஸ்ட்’, ‘போஸ்ட்போன்’ இரண்டும் இனி நடப்பதைப் பேசினாலும் ‘இங்’தான் கேட்கும்.

தமிழ் காலை வாரிவிடும் இடமும் உண்டு. ‘செய’ என்னும் எச்சம் வந்தால் ‘டு’ என்று பிள்ளை தானாகவே ஒரு சமன்பாடு போட்டுக்கொள்கிறது. போக முடியும், போக வேண்டும், அழ வைத்தான் எல்லாம் தமிழில் ஒரே அச்சில் இருப்பதால் ‘கேன் டு கோ’, ‘மஸ்ட் டு கோ’, ‘மேட் மீ டு க்ரை’ என்று எழுதுகிறார்கள். இந்த மூன்றிலும் ‘டு’ வராது. ‘என்ஜாய் டு ரீட்’ பிறப்பதும் இங்கேதான். ‘படிக்கப் பிடிக்கும்’ என்பதை ‘லைக்’ போட்டுச் சொன்னால் ‘டு’, ‘இங்’ இரண்டும் சரி. ‘என்ஜாய்’ போட்டால் ‘இங்’ மட்டும்தான். எதிர்ப்பக்கமும் ஒரு வழுக்கல் உண்டு. ‘படிப்பதற்காக மதுரைக்கு வந்தேன்’ என்பதை ‘கேம் ஃபார் ஸ்டடியிங்’ என்று மாற்றுகிறார்கள். வந்த நோக்கத்தைச் சொல்ல ‘டு ஸ்டடி’ போதும். கத்தி எதற்கு என்று ஒரு பொருளின் பயனைச் சொல்லும்போதுதான் ‘ஃபார் கட்டிங்’.

பிரெபோசிஷனுக்கு, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘வித்தவுட்’, ‘பிஃபோர்’ போன்ற சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ என்பது ஏறக்குறைய விலக்கே இல்லாத விதி. சொல்லாமல் என்பது ‘வித்தவுட் டெல்லிங்’, போவதற்கு முன் என்பது ‘பிஃபோர் கோயிங்’. சிக்கல் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வில்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரிகள்கூட அடுத்து ‘மீட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ‘டு’ எந்த வகை என்று கண்டுபிடிக்க, அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு சித்திரைத் திருவிழா’ நிற்கிறது, ஆகவே அது பிரெபோசிஷன், ‘மீட்டிங்’ என்றே எழுத வேண்டும். ‘வான்ட் டு சித்திரைத் திருவிழா’ நிற்காது, ஆகவே அங்கே ‘மீட்’. ‘முன்பெல்லாம் நான்கு மணிக்கு எழுவேன்’, ‘நான்கு மணிக்கு எழுந்து பழகிவிட்டது’ என்ற இரண்டு ‘யூஸ்டு டு’க்களையும் இதே சோதனை பிரித்துக் காட்டும்.

ஐம்பது வினைகளை ஒரே நாளில் இறக்க வேண்டாம். முதல் வாரம் வான்ட், நீட், ஹோப், டிசைட், பிளான் ஆகிய ஐந்தும் ‘டு’வோடு போதும். அடுத்த வாரம் என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், மைண்ட், கீப் ஆகிய ஐந்தும் ‘இங்’கோடு. மூன்றாம் வாரம் கலந்து கேட்கலாம். பொருள் மாறும் ஸ்டாப், ட்ரை, ரிமெம்பர் மூன்றும் கடைசியில். இந்த மூன்றையும் முதல் நாளே எடுத்தால், மற்ற வினைகளிலும் எதைப் போட்டாலும் ஏதோ ஒரு பொருள் வரும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வினையைத் தனியாக எழுதிப் போடாமல் வாலோடு சேர்த்தே எழுதுங்கள்: ‘டிசைட் டு கோ’, ‘ஃபினிஷ் ஈட்டிங்’. காதும் அப்படியே பழகும்.

உச்சரிப்பையும் கவனிக்க வேண்டும். ‘கோயிங்கு’ என்று பலரும் கடைசியில் ஒரு ககரத்தை ஒட்டுகிறார்கள். ‘அங்ஙனம்’ என்று சொல்லச் சொல்லி ‘அங்ங’வில் நிறுத்துங்கள். ககரம் ஒட்டாத அந்த ஒலிதான் வேண்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஹி ஸ்டாப்டு’ என்று எழுதி, கோடிட்டு, பக்கத்தில் ‘ஸ்மோக்’ என்று மட்டும் கொடுத்தால் இரண்டு விடையும் சரிதான். விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருந்தால், சரியாக எழுதிய பிள்ளை மதிப்பெண்ணை இழக்கிறது. ‘ஏனென்றால் டாக்டர் சொன்னார்’ என்ற பொருளில் இன்னும் நான்கு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தால் தீர்ந்தது. தங்கள் மாணவர் பக்கத்திலும் பட்டியலுக்குப் பதிலாக, வாரம் ஒரு வினையைச் சூழலோடு இரண்டு வாக்கியங்களாக அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
திருநகர், மதுரை.