நேற்று இரவு நடந்ததும் இன்று மாலை முதல் மாற்றமும்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு 8 மணிக்கு ஒரே மூச்சில் 6 மேசைகள் நிரம்பி, சமையலறை திணறியதை மறந்திருக்க மாட்டீர்கள். தவறு என்னுடையது. முன்பதிவை அப்படி ஏற்றிருக்கக் கூடாது. இன்று முதல் 15 நிமிடத்துக்கு 2 மேசைதான்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது அலர்ஜி விஷயத்தால். நான்காம் மேசை விருந்தினர் தனக்கு நட்ஸ் ஆகாது என்று சொல்லியும் ஆர்டர் சீட்டில் அது ஏறவில்லை. தட்டு கிளம்பும்போது கண்ணில் பட்டதால் தப்பித்தோம். மேலே தூவியதை எடுத்துவிட்டால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். துளி ஒட்டியிருந்தாலும் சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். சூடுபடுத்தினால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அதே கரண்டி, அதே எண்ணெய் கூடாது. முதலிலிருந்து புதிதாகச் செய்யுங்கள். சீட்டில் எழுதுவதோடு செஃபிடம் வாயாலும் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும் வரை நகர வேண்டாம்.

அப்புறம், ஐஸை கண்ணாடிக் கிளாஸால் அள்ளாதீர்கள். உடைந்தால் சில்லு தெரியாது, பெட்டி ஐஸ் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான்.

தட்டு சூடாக்கும் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி யாரோ போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறார்கள். ஆறிய தட்டில் சாஸ் ஆடை கட்டியது அதனால்தான். யார் என்று கேட்கவில்லை. போன் என் மேசையில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மாலை 5 மணிக்குக் கூட்டம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.