எட்டாம் வகுப்பு பெற்றோருக்கு: கலங்கரை விளக்க விவாதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கேயோ இருக்கும் கோபுரத்துக்கு வகுப்பில் இத்தனை நேரமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகவே இந்தக் கடிதம்.

அமெரிக்காவில், வட கரோலினா கரையை ஒட்டி ஹேட்டராஸ் என்றொரு மணல் தீவு இருக்கிறது. அதன் முனைக்கு அப்பால் கடலுக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் மணல் திட்டுகள். அங்கே தரைதட்டி உடைந்த கப்பல்கள் ஏராளம். அந்தப் பகுதிக்கே 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று பெயர் வந்துவிட்டது. 1803-இல் ஏற்றிய முதல் விளக்கு மங்கலாக இருக்கிறதென்று மாலுமிகள் ஓயாமல் குறை சொன்னார்கள். 1850-களில் அந்தக் கோபுரத்தை உயர்த்தி, ஒளியைத் திரட்டி வெகுதூரம் அனுப்பும் பிரெனெல் லென்ஸைப் பொருத்தினார்கள். அதுவும் பழுதாகிவிட, 1870-இல் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை அடுக்கி, ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் புதுக் கோபுரம் எழுப்பினார்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் பட்டைகள் 1873-இல் தீட்டியவை.

பிள்ளைகளை அதிகம் கவர்ந்தது அதன் அஸ்திவாரம். தோண்டிய குழியில் நீர் ஊறியதால், பைன் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலே கருங்கல் வைத்துக் கோபுரத்தைக் கட்டினார்கள். மரம் நீருக்குள் கிடந்தால் உளுத்துப் போகாதா? போகவில்லை. அது நன்னீர், காற்றும் புகவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் கட்டைகள் உறுதியாகவே இருந்தன. ஆனால் கடல்நீர் உள்ளே புகுந்தால் கதையே வேறு.

கடலும் நெருங்கிக்கொண்டுதான் இருந்தது. கட்டியபோது சுமார் 460 மீட்டர் தள்ளி இருந்த அலை, 1935-இல் அடிவாரத்தையே தொட்டது. மறு ஆண்டு கோபுரத்தைக் கைவிட்டு, விளக்கை ஓர் இரும்புக் கோபுரத்துக்கு மாற்றினார்கள். ஆளில்லாத கோபுரத்தின் லென்ஸிலிருந்து கண்ணாடிகளைப் பலர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கடற்கரை மீண்டும் அகலமானதும் 1950-இல் விளக்கு திரும்பி வந்தது. தடுப்புகள் கட்டினார்கள், மணல் கொட்டினார்கள். 1980-இல் ஒரு புயல், பக்கத்திலிருந்த பழைய கோபுரத்தின் அஸ்திவாரத்தை அடித்துக்கொண்டு போனது.

அப்புறம்தான் பெரிய சண்டை. சுற்றிலும் சுவர் எழுப்பிக் காப்போம் என்றார்கள் ஒரு சாரார். ஆனால் கரை பின்வாங்கப் பின்வாங்க, சுவருக்குள் கோபுரம் மட்டும் கடல் நடுவே தனித்து நின்றுவிடும். அப்படியே தூக்கி உள்ளே நகர்த்துவோம் என்றார்கள் மற்றவர்கள். 1988-இல் தேசிய அறிவியல் அகாடமியின் குழு இதையே பரிந்துரைத்தது. உள்ளூரில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. நகர்த்தினால் இடிந்து விழுமே என்ற பயம் ஒருபக்கம். தாத்தா காலத்திலிருந்து அது நின்ற இடத்தை விட்டுப் பெயர்ப்பதா என்ற வலி ஒருபக்கம். இந்த இரண்டாவது காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கடைசியில் 1999-இல் நகர்த்தினார்கள். அடித்தளத்திலிருந்து அறுத்துப் பிரித்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் உயர்த்தி, எஃகுத் தண்டவாளத்தின்மேல் ஒவ்வொரு தள்ளுக்கும் சுமார் ஒன்றரை மீட்டராக நகர்த்தினார்கள். 4,000 டன்னுக்கும் அதிகமான எடை, 880 மீட்டருக்கும் அதிகமான தூரம், 23 நாட்கள். அந்த நவம்பரில் புது இடத்தில் விளக்கு எரிந்தது. கரையிலிருந்து இப்போது அதற்கு ஏறக்குறைய பழைய இடைவெளி கிடைத்திருக்கிறது. கரை அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

தேர்வுக்கு இது வருமா என்றால், நேரடியாக வராது. ஆனாலும் மண் அரிப்பு, ஒளிவிலகல், எடை, செலவு, மக்களின் உரிமை எல்லாவற்றையும் சேர்த்து யோசித்து ஒரு முடிவெடுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளையால் முடியும் என்று நான் நம்புகிறேன். புத்தகத்தின் தனித்தனி அத்தியாயங்களில் இந்தப் பழக்கம் வருவதில்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி அரங்கில் விவாதம். ஒரு குழு சுவருக்காகவும், ஒரு குழு நகர்த்துவதற்காகவும், இன்னொரு குழு இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதற்காகவும் பேசும். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம். ஆகவே உங்கள் பிள்ளை தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காகவும் வாதாட வேண்டி வரலாம். அதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள், எதிர்க்கேள்வி கேளுங்கள், அது போதும்.

பெற்றோருக்கும் வாக்கு உண்டு. ஆனால் மூன்று குழுக்களும் பேசி முடித்த பிறகுதான் வாக்குச்சீட்டு கையில் வரும். அட்டை, வண்ணம் எதுவும் வாங்க வேண்டாம், பள்ளியே தரும். வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்